தமிழ்ப் பிழைதிருத்திகள்: 'அதற்க்கு' முதல் 'வேலைப் பார்த்தான்' வரை

'அதற்க்கு' என்ற சொல் கண்ணில் பட்டதும் மேலே படிக்க மனம் வராத வாசகர்கள் உண்டு. 'சுவற்றில்', 'நினைவு கூறினார்', 'ஒவ்வொரு உறுப்பினர்களும்', 'அந்தப் இடம்' எல்லாம் அதே வகை. சொல்லவந்த விஷயம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த உறுத்தல் குறுக்கே வந்து நின்றுவிடும். இவற்றைக் களைந்து தருவதாகச் சொல்லும் கருவிகள் இன்று பல இருக்கின்றன. கைப்பேசி விசைப்பலகையின் பரிந்துரைப் பட்டை, அலுவலக மென்பொருளில் சொல்லுக்கு அடியில் விழும் சிவப்புக் கோடு, உலாவியில் இயங்கும் எழுத்துப்பிழை மற்றும் சந்திப்பிழைத் திருத்திகள், பத்தியையே மாற்றி எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் என்று நான்கு வகையாகப் பிரிக்கலாம். நான்கும் நான்கு வேலை செய்பவை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு கருவி எத்தனை பிழைகளைப் பிடிக்கிறது என்று பார்ப்பதைவிட, சரியாக எழுதியதை எத்தனை இடங்களில் தொடாமல் விடுகிறது என்று பார்ப்பதே நல்ல அளவுகோல். பத்துச் சொல்லில் நான்குக்குக் கோடு போடும் கருவியை யாரும் இரண்டு நாளுக்கு மேல் மதிப்பதில்லை. கோடு விழுந்த உண்மையான பிழையும் மற்றக் கோடுகளோடு சேர்ந்து கண்ணுக்குப் பழகிப்போகும். பிழைதிருத்தியை நிறுத்தி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சோம்பலால் நிறுத்தவில்லை. பொய் எச்சரிக்கை தாங்காமல் நிறுத்தியிருக்கிறார்கள்.

கருவியே இல்லாமல் பிடிக்கக்கூடியவை

முதலில் எளிய பகுதி. தமிழ்ச் சொல்லுக்குள் ட், ற் ஆகிய இரண்டு மெய்களுக்குப் பின்னால் இன்னொரு வல்லின மெய் புள்ளியோடு வராது. ய், ர், ழ் ஆகிய மூன்றுக்குப் பிறகுதான் இன்னொரு மெய் நிற்கும்: வாய்க்கால், பார்த்தான், வாழ்த்து. ஆகவே 'ற்க்', 'ற்ச்', 'ற்ப்', 'ட்க்', 'ட்ச்', 'ட்ப்' என்ற ஆறு கோவைகளை உங்கள் கோப்பில் தேடினால் போதும். அதற்க்கு, முயற்ச்சி, பயிற்ச்சி, கற்ப்பனை, வெட்க்கம், கட்ச்சி எல்லாம் மொத்தமாக வந்து விழும். அரிதாக ஏதாவது பிறமொழிச் சொல் நடுவில் வரலாம். மற்றபடி தேடலில் வருவதெல்லாம் பிழைதான். சொற்பட்டியலே தேவைப்படாத இந்தப் பிழையைக்கூட ஒரு கருவி விட்டுவிட்டால் அதை மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, எழுதி முடித்துத் திருத்தும்போது உருவாகும் பிழை. 'அந்தப் பெரிய இடம்' என்று எழுதியவர் 'பெரிய' என்பதை நீக்குகிறார். 'அந்தப் இடம்' என்று ப் மட்டும் தனியாக நிற்கிறது. 'இதைக் கேட்டு' என்பதை 'இதைக் படித்து' என்று மாற்றும்போதும் இதுவே நடக்கும். ஒற்று முதற்சொல்லோடு ஒட்டி எழுதப்பட்டாலும் அது பிறப்பது அடுத்த சொல்லால். அடுத்த சொல் போனால் ஒற்றும் போக வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடல், அதாவது எழுத்து அமைப்பைக் குறியீடாகக் கொடுத்துத் தேடும் வசதி, உள்ள எந்த உரைத் தொகுப்பியிலும் க் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, [^க] ('க அல்லாத எழுத்து' என்று பொருள்) என்று தட்டித் தேடுங்கள். ச், த், ப் மூன்றுக்கும் இதே முறை. 'பேஸ்புக் நண்பர்', 'வாட்ஸ்அப் செய்தி' போன்றவை சரியாக இருந்தும் தேடலில் வரும், அவற்றைத் தாண்டிவிடலாம். மேற்கோள் குறியும் எண்ணும் தொடர்ந்து வந்தாலும் தேடல் நிற்கும். 20 பக்கக் கோப்பை இப்படிப் பார்த்து முடிக்கச் சில நிமிடம் போதும். நன்றாக எழுதத் தெரிந்தவர்களின் கட்டுரையில் அதிகம் தங்கிவிடும் பிழை இதுதான் என்பதால் இந்தத் தேடலை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

ஓர், ஒரு என்பதும் இயந்திரத்துக்கு எளியது. அடுத்த சொல்லின் முதல் எழுத்து உயிர் என்றால் ஓர், இல்லையென்றால் ஒரு. 'ஓர் நாள்', 'ஓர் யானை' இரண்டும் பிழை; யா உயிர்மெய். கதையில் வரும் பேச்சில் 'ஒரு ஆளு வந்தான்' என்று இருப்பதைத் திருத்தச் சொல்லும் கருவியை அந்த இடத்தில் கேட்கக்கூடாது.

சிவப்புக் கோட்டின் பின்னால்

லிப்ரே ஆபிஸ், ஃபயர்பாக்ஸ் ஆகியவற்றில் எழுத்துப்பிழை பார்ப்பது ஹன்ஸ்பெல் என்ற இயந்திரம். பெயரே சொல்வதுபோல ஹங்கேரிய மொழிக்காகப் பிறந்தது. அது இரண்டு கோப்புகளை வைத்து இயங்குகிறது: ஒன்றில் வேர்ச்சொற்கள், மற்றொன்றில் அவற்றோடு எந்த ஒட்டு எப்படிச் சேரும் என்ற விதிகள். தமிழுக்கு இந்த இரண்டாவது கோப்புதான் உயிர்நாடி. 'வீடு' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். வீடு, வீட்டை, வீட்டால், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டின், வீட்டில், வீட்டோடு என்று எட்டு வடிவங்கள். பன்மையையும் சேர்த்தால் 16. ஒவ்வொன்றும் தனித்தோ, உம், ஏ, ஓ, ஆ, தான் ஆகியவற்றில் ஒன்றோடு சேர்ந்தோ வரலாம், ஆக 96. 'வீட்டிலும்தான்', 'வீட்டிலேயேகூட' என்று அடுக்கிப்போனால் கணக்கு இன்னும் ஏறும். இது பெயர்ச்சொல்லுக்கு மட்டும். வினைச்சொல் இதைப்போலப் பல மடங்கு. ஒட்டு விதிகள் குறைவாக உள்ள சொற்பட்டியலில் 'வீட்டில்' சரி என்றும் 'வீட்டிலேயேதான்' பிழை என்றும் வருவது அதனால்தான்.

இதற்கு மருந்தாகப் பலரும் செய்வது, இணையத்தில் கிடைக்கும் பனுவல்களிலிருந்து சொல் வடிவங்களை அள்ளிப் பட்டியலைப் பெரிதாக்குவது. பொய் எச்சரிக்கை குறையும், உண்மைதான். கூடவே, ஊரே தவறாக எழுதும் சொற்களும் பட்டியலில் ஏறிவிடும். 'முன்னூறு' என்பதற்குக் கோடு விழாத கருவிகள் இப்படித்தான் உருவாகின்றன. மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறு. 'பதட்டம்', 'சிகப்பு', 'சுவற்றில்' ஆகியவையும் இதே வழியில் உள்ளே நுழைபவை. கிணறு, கிணற்றில் ஆகும். வயிறு, வயிற்றில் ஆகும். அங்கே சொல் று என்று முடிகிறது. சுவர் என்பது ர் என்று முடிவதால் சுவரில் என்றுதான் ஆகும். 'சுவறு' என்று ஒரு சொல் இருந்தால்தான் 'சுவற்றில்' வரும்.

அகராதியைப் பழந்தமிழ்ச் சொற்களால் நிரப்புவதும் இதே விளைவைத் தரும். 'பொருப்பு' என்றால் மலை. 'பரவை' என்றால் கடல். 'மறம்' என்றால் வீரம். 'பொருப்பான பதில்' என்று எழுதினால், பெரிய அகராதி வைத்திருக்கும் கருவி தலையாட்டிவிட்டுப் போய்விடும். சின்ன அகராதி உள்ளது கோடு போடும். கரை கறை, அரை அறை, ஏரி ஏறி, பணி பனி, மனம் மணம், ஒலி ஒளி ஒழி என்று இரண்டு பக்கமும் அன்றாடம் புழங்கும் சொற்களாக இருக்கும்போது எந்த அகராதியும் உதவாது. 'மலை ஏரினான்' பிடிபடும், ஏனென்றால் 'ஏரினான்' என்று ஒரு வடிவம் இல்லை. 'மலை ஏரி இறங்கினான்' பிடிபடாது. ஒரே தவறு, ஒரே வாக்கியம். விகுதி மாறியதும் கருவிக்குக் கண் தெரியாமல் போகிறது. 'லட்சக்கணக்கான சொற்கள் கொண்டது' என்ற விளம்பரத்தை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. உங்கள் எழுத்து அன்றாட உரைநடை என்றால் நடுத்தர அளவுள்ள சொற்பட்டியலே அதிகம் பிடித்துத் தரும்.

'அகராதியில் சேர்' என்ற பொத்தானிலும் கவனம் வேண்டும். அவசரத்தில் ஒருமுறை பிழையான வடிவத்தைச் சேர்த்துவிட்டால், அதன்பிறகு அந்தப் பிழைக்கு எச்சரிக்கையே வராது. ஆட்பெயர், ஊர்ப்பெயர், கலைச்சொல் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் சேர்க்காமலிருப்பது நல்லது. சேர்த்த பட்டியல் தனிக் கோப்பாகவே இருக்கும்; மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

விசைப்பலகை ஒற்றை விழுங்குவது எப்படி

கைப்பேசியில் எழுதுபவர்களிடம் ஒற்று காணாமல் போவதற்கு இலக்கணம் தெரியாமை மட்டும் காரணம் என்று நினைப்பது தவறு. பரிந்துரைப் பட்டையில் 'இந்த' என்பதைத் தொட்டதும் விசைப்பலகை அந்தச் சொல்லை முடித்து, இடைவெளியையும் தானே போட்டுவிடுகிறது. அடுத்து 'பக்கம்' வரப்போகிறது என்பது அப்போது அதற்குத் தெரியாது. ப் சேர்க்க வேண்டுமானால் ஒருமுறை அழித்து, ப், புள்ளி, மறுபடி இடைவெளி என்று நான்கு தட்டு. அவசரத்தில் யாரும் செய்வதில்லை. செய்யாமலே எழுதி எழுதி 'இந்த பக்கம்' என்பதையே பட்டை கற்றுக்கொண்டு, அடுத்த முறை அதையே நீட்டுகிறது. தமிழுக்கான பரிந்துரைப் பட்டை இரண்டு சொல்லைச் சேர்த்துப் பரிந்துரைக்க வேண்டும். 'இந்தப்' என்பதை 'இந்த' என்பதற்குப் பக்கத்திலேயே காட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைச் சோதியுங்கள்: 'இந்த' என்று தட்டினால் இந்தக், இந்தச், இந்தத், இந்தப் ஆகியவை பட்டையில் வருகின்றனவா?

பட்டை தவறாகக் கற்ற சொல்லைப் பெரும்பாலான விசைப்பலகைகளில் அழுத்திப் பிடித்து நீக்க முடியும். இந்த வசதி இல்லாத விசைப்பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் நாளடைவில் தொல்லைதான்.

சொல் பிரிவதும் இங்கேதான் தொடங்குகிறது. 'படிக்க வில்லை', 'பயன் படுத்தினார்', 'என்ன வென்றால்' எல்லாம் இரண்டு முறை பரிந்துரையைத் தொட்டதால் வருபவை. பிரித்த பகுதிகள் தனித்தனியே அகராதியில் இருந்தால் எழுத்துப்பிழைத் திருத்தி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பொருளே மாறுவதும் உண்டு. 'வீடுவரை வந்துவிட்டான்' என்றால் அவன் வந்து சேர்ந்தான். 'வீடுவரை வந்து விட்டான்' என்றால் வேறொருவரைக் கொண்டுவந்து சேர்த்தான். பேச்சைக் கேட்டு எழுதும் வசதியில் வேறு சிக்கல்: ர, ற இரண்டையும் பெரும்பாலோர் ஒன்றாகவே உச்சரிக்கிறார்கள். ஆகவே அங்கே வருவது கேட்ட எழுத்தாக இருக்காது. கருவி ஊகித்த எழுத்தாக இருக்கும்.

சந்திப்பிழைத் திருத்தி: இங்கேதான் விஷயம் இருக்கிறது

எழுத்துப்பிழை வேறு, சந்திப்பிழை வேறு என்று பிரித்துக் கருவி செய்திருப்பவர், நீச்சல்காரன் என்ற புனைபெயரில் இயங்குபவர். அவருடைய 'வாணி' எழுத்துப்பிழைக்கு, 'நாவி' சந்திப்பிழைக்கு. இரண்டும் உலாவியில் இயங்குபவை. இப்படிப் பிரித்தது மிகவும் சரியான முடிவு. எழுத்துப்பிழைக்குப் பெரும்பாலும் ஒரு சொல்லைப் பார்த்தால் போதும். சந்திக்குக் குறைந்தது இரண்டு சொல்லைப் பார்க்க வேண்டும், பல இடங்களில் வாக்கியத்தையே பார்க்க வேண்டும்.

சந்தியில் இயந்திரத்துக்கு எளிய பகுதி பெரியது. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் வல்லின ஒற்று (க், ச், த், ப்) மிகும். ஐ உருபுக்கும் கு உருபுக்கும் பின் மிகும்: அவனைப் பார்த்தான், அவனுக்குக் கொடுத்தான். ஆக என்று முடிந்தால் மிகும்: தனியாகப் போனான். வினையெச்சங்களில் து, டு, று என்று முடிபவைதான் பலரைக் குழப்புகின்றன; அங்கேயும் கடைசி எழுத்துக்கு முந்தையதைப் பார்த்தாலே விடை கிடைக்கும். முந்தையது வல்லின மெய் என்றால் மிகும்: படித்துப் பார்த்தான், கேட்டுச் சென்றான், பெற்றுக் கொடுத்தான். மெல்லினமோ இடையினமோ உயிர்மெய்யோ என்றால் மிகாது: வந்து போனான், நின்று பேசினான், செய்து தந்தான், அழுது தீர்த்தான். 'வந்துப் போனான்' என்று திருத்தச் சொல்லும் கருவி இந்த வேறுபாட்டைக் கற்கவில்லை என்று பொருள்.

பெயரெச்சத்தில் மிகாது: வந்த பையன், எழுதிய கடிதம், நல்ல பாடல், சிறிய கதை. பல, சில, எத்தனை, உடைய, இருந்து, ஓடு ஆகியவற்றுக்குப் பின்னும் மிகாது. இங்கே ஒற்றை விடுபவர்களைவிட ஒற்றைச் சேர்ப்பவர்கள்தான் வாசகரை அதிகம் எரிச்சலூட்டுகிறார்கள். 'நல்லப் பாடல்', 'பலப் பேர்', 'சிறியக் கதை' என்று எழுதுவது, விடுபட்ட ஒற்றைவிட மோசமாகக் காதில் இடிக்கும். ஏனென்றால் விடுபட்ட ஒற்றை வாசிப்பவர் மனத்துக்குள்ளேயே போட்டுக்கொள்கிறார். வேண்டாத ஒற்று நாக்கைத் தடுக்கிறது. கருவிகளிலும் அப்படியே. விடுவதில் தவறும் கருவியை மன்னிக்கலாம். சேர்க்கச் சொல்லித் தவறாக வழிகாட்டும் கருவி, சரியாக எழுதத் தெரிந்தவரையும் சந்தேகப்பட வைக்கிறது.

இனி கடினமான பகுதி. 'கதை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கதை கேட்டான், கதை சொன்னாள், கதை படித்தோம்: மிகாது, 'ஐ' உருபு மறைந்து நிற்கும் தொகை. கதைக் களம், கதைச் சுருக்கம், கதைப் புத்தகம்: மிகும். அடுத்து வருவது வினையா பெயரா என்று கருவிக்குத் தெரிய வேண்டும். 'படி' என்பது வினையாகவும் வரும், பெயராகவும் வரும். 'இரவு பகல்' மிகாது, இரண்டும் இணையாக நிற்கும் உம்மைத்தொகை. 'இரவுப் பணி' மிகும். 'சுடுசொல்' மிகாது, வினைத்தொகை. 'நடுகல்' என்றால் நட்ட கல், 'நடுக்கல்' என்றால் நடுவில் உள்ள கல். 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது. 'தந்தப் பலகை' தந்தத்தால் ஆனது.

எல்லாவற்றுக்கும் உச்சம் 'வேலை'. 'வேலை பார்த்தான்' என்றால் உழைத்தான். 'வேலைப் பார்த்தான்' என்றால் கையில் இருக்கும் வேலை, அதாவது ஈட்டி போன்ற ஆயுதத்தை, உற்று நோக்கினான். இரண்டும் பிழையற்ற வாக்கியங்கள். 'வேலைப் பார்த்துக்கொண்டே படித்தான்' என்று ஒருவர் எழுதினால், அதைப் பிழை என்று சொல்ல ஆயுதம் ஏந்திய ஒருவன் படிப்பது அரிது என்ற உலக அறிவு வேண்டும். விதிகளால் மட்டும் இயங்கும் கருவியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் ஒன்றை எதிர்பார்க்கலாம்: இந்த இடத்தில் உறுதியாகத் திருத்தாமல், இரு பொருளையும் காட்டி முடிவை எழுதுபவரிடம் விட வேண்டும். நல்ல சந்திப்பிழைத் திருத்தியின் இலக்கணம் இதுவே. எந்த விதியால் திருத்தச் சொல்கிறது என்பதையும் அது காட்ட வேண்டும். காரணம் தெரிந்தால் ஒரு மாதத்தில் கருவியின் தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

ஒருமை பன்மை

வாசகர் புகார்களில் முன்னணியில் இருப்பதும், கருவிகள் கைவிடுவதும் இதுவே. 'ஒவ்வொரு உறுப்பினர்களும்' என்பதில் இரண்டு சொல்லும் அடுத்தடுத்து இருப்பதால் நல்ல கருவி பிடிக்கும். 'ஒவ்வோர் உறுப்பினரும்' என்று இரட்டைத் திருத்தம் தர வேண்டும். 'படங்கள் வந்துள்ளது' என்பதும் பிடிபடலாம். 'கடந்த ஆண்டு வெளியான கட்டுரைகள் இந்தத் தொகுப்பில் மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளது' என்பதைப் பாருங்கள். எழுவாய் நான்காவது சொல், பயனிலை எட்டாவது சொல், நடுவில் 'தொகுப்பில்' என்ற ஒருமை. அடுத்தடுத்த இரண்டு மூன்று சொற்களை மட்டும் பார்க்கும் கருவிக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. பெரிய மொழி மாதிரிகளால் இயங்கும் உரையாடிகள் இந்த வகையில் சந்திப்பிழைத் திருத்திகளைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கின்றன.

அவற்றின் குறை வேறிடத்தில். ஒற்றைத் திருத்தக் கொடுத்தால் சொல்லையும் மாற்றும், வாக்கியத்தையும் வளைக்கும், எதை மாற்றியது என்று சொல்லாது. கேட்கும் முறையில் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம்: 'வாக்கியத்தை மாற்றி எழுதாதே, பிழையான சொல், சரியான சொல், காரணம் ஆகிய மூன்றை மட்டும் வரிசையாகக் கொடு' என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பத்தி, அதிகம் போனால் இரண்டு. நீளமாகக் கொடுத்தால் கடைசிப் பகுதியில் கவனம் தளரும். காரணம் பொருந்தவில்லை என்றால் திருத்தத்தையும் ஏற்காதீர்கள். இல்லாத விதியை இலக்கணச் சொற்களோடு கம்பீரமாகச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

பிழையா, விருப்பமா

வாழ்த்துகள் வாழ்த்துக்கள், நாள்கள் நாட்கள், இயக்குநர் இயக்குனர், முயல்கிறேன் முயற்சிக்கிறேன், ஏற்கெனவே ஏற்கனவே. இவற்றில் ஒரு பக்கத்துக்கு இலக்கண வாதம் வலுவாக இருக்கலாம். பெறுநர், அனுப்புநர் என்று எழுதுபவர் இயக்குநர் என்று எழுதுவதே பொருத்தம். 'முயற்சி' என்பது முயல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். அதை மறுபடி வினையாக்க வேண்டுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. 'இது தவறு அல்ல' என்பதை 'தவறு அன்று' என்று மாற்றச் சொல்பவர்களும் விதிப்படி சரியே. அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என்று ஐந்து பாலுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. ஆனால் புழக்கம் வேரூன்றிய இவற்றை 'அதற்க்கு' என்பதோடு சேர்த்து ஒரே சிவப்பில் காட்டுவது தவறு. எச்சரிக்கைக்கு இரண்டு நிறம் வேண்டும். ஒரு கோப்பில் 'வாழ்த்துகள்' ஐந்து இடத்திலும் 'வாழ்த்துக்கள்' மூன்று இடத்திலும் இருக்கிறது என்று எண்ணிக் காட்டும் கருவி கிடைத்தால் அதற்கு முதல் மதிப்பெண் தரலாம். வாசகரை உறுத்துவது பெரும்பாலும் அந்தக் கலப்புதான்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

'அவா்' என்று இங்கே எழுதியிருப்பதையும் 'அவர்' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவதில் ர் இல்லை. காலும் அதன்மேல் புள்ளியும் இருக்கின்றன. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிய கோப்புகளில் இது ஏராளம். தேடினால் கிடைக்காது, பிழைதிருத்தி எல்லாவற்றுக்கும் கோடு போடும், எழுதியவர் கருவியைத் திட்டுவார். கால் மேல் புள்ளியோ, இகர ஈகாரக் குறியோ தமிழில் வராது. எனவே 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ாீ' என்பதை 'ரீ' என்றும் மொத்தமாக மாற்றிவிடலாம், ஆபத்தில்லை.

'ஔவை' என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டி 'ஒளவை' ஆக்குவதும் இப்படித்தான். 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆவதும் அதே கதை. இதை மொத்தமாக மாற்ற முடியாது. 'ஒளி', 'கெளுத்தி' எல்லாம் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். கொ என்பதைக் க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாகச் சேமித்திருந்தாலும் திரையில் வேறுபாடு தெரியாது. ஒருங்குறி இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்குவது, செய்துதரும் கருவியில் ஒருமுறை போட்டு எடுத்தால் அது சரியாகும். பீடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த உரையில் கொம்பு எழுத்தோடு ஒட்டாமல் அதற்கு முன்னால் தனியாக வந்து நிற்பதும் சகஜம். அதைத் திருத்துவதைவிட மூலக் கோப்பைத் தேடிப் பிடிப்பது மேல்.

எந்த வரிசையில் பயன்படுத்துவது

முதலில் எழுத்துக் குறியீடுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு எழுத்துப்பிழை. அடுத்து சொற்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும். சந்தி கடைசியில்தான். நடுவில் ஒரு சொல்லை மாற்றினால் அதன் இரண்டு பக்கத்துச் சந்தியும் மாறும் என்பதால், சந்தியை முதலில் பார்ப்பது வீண் உழைப்பு. உலாவிக் கருவியில் ஒட்டித் திருத்தி மறுபடி கோப்பில் ஒட்டினால் தடித்த எழுத்து, இணைப்பு, அடிக்குறிப்பு எண் எல்லாம் போய்விடும். அங்கே பார்த்து, மூலத்தில் கையால் மாற்றுங்கள். உலாவியில் ஒட்டும் உரை சேவையகத்துக்குப் போகக்கூடும். வெளியே தெரியக்கூடாத கடிதம், ஒப்பந்தம் போன்றவற்றுக்குக் கணினியிலேயே இயங்கும் கருவியே பாதுகாப்பு.

புதிய கருவி ஒன்று கைக்கு வந்தால் இரண்டு பத்திகளை ஒட்டிப் பாருங்கள். முதலாவது முழுக்கப் பிழை: அதற்க்கு முன்பே பயிற்ச்சி முடிந்துவிட்டது. பொருப்பான பதில் வரவில்லை. சுவற்றில் எழுதாதே. தியாகத்தை நினைவுகூறினார்கள். முன்னூறு பக்கங்கள் வந்துள்ளது. ஒவ்வொரு உறுப்பினர்களும் அந்தப் இடத்துக்கு வரவேண்டும். நல்லப் பாடலை கேட்டான். இரண்டாவதில் பிழையே இல்லை: வந்த பையன் நின்று பேசினான். பல புத்தகங்கள் எங்களுடைய கையில் இருந்தன. எத்தனை பேர் வீட்டிலிருந்து கிளம்பினார்கள்? இரவு பகல் பாராமல் வேலை பார்த்தான். சுடுசொல் கேட்டு அழுது தீர்த்தாள். கதை சொன்னவளைப் படிக்கச் சொன்னார்கள்.

முதல் பத்தியில் ஏழு வாக்கியங்களில் ஐந்தைக் கருவி தொட்டால் நல்லது. 'நினைவுகூறினார்கள்' பிடிபட்டால் சிறப்பு. கூறு, கூர் இரண்டும் நல்ல சொற்களாக இருந்தும் நினைவோடு சேர்வது கூர் மட்டுமே என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, திருத்தமாக 'நினைவுகூர்ந்தார்கள்' வரவேண்டும். இரண்டாம் பத்தியில் ஒரு கோடுகூட விழக்கூடாது. இரண்டுக்கு மேல் விழுந்தால் அந்தக் கருவியைச் சந்திக்கு நம்பாதீர்கள். எழுத்துப்பிழைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று விடுபட்டுப்போகும். தலைப்பு, படக்குறிப்பு, அட்டவணைக் கட்டம் ஆகியவற்றைப் பெரும்பாலோர் கருவியில் ஒட்டுவதே இல்லை, உடலை மட்டும் ஒட்டுகிறார்கள். பெரிய எழுத்தில், எல்லோர் கண்ணிலும் முதலில் படும் இடத்தில் பிழை நிற்பது அதனால்தான். அவற்றைத் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து, வரிக்கு ஒன்றாகப் போட்டுச் சோதியுங்கள். வரி முடிவில் முற்றுப்புள்ளி வையுங்கள். இல்லையென்றால் ஒரு தலைப்பின் கடைசிச் சொல்லையும் அடுத்த தலைப்பின் முதல் சொல்லையும் சேர்த்துக் கருவி சந்தி பார்க்கும்.